பேஸ்மென்ற்றில் கேத்தல் இரைச்சல்

ஸ்காபரோவில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு 2019 கோடையில் கிச்சினரில் வீடு வாங்கி வந்தோம். ரொறன்ரோ விலை எங்களுக்குக் கட்டாது, இங்கே என்றால் அம்மாவுக்கும் ஒரு தனி அறை கிடைக்கும். அந்த அறை பேஸ்மென்ற்றில். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸும் காஸில் எரிகிற சுடுதண்ணீர்த் தாங்கியும்.

இரண்டாவது விண்டரில் சத்தம் தொடங்கியது. முதலில் சோளம் பொரிகிற மாதிரி விட்டு விட்டு, பிறகு தகர வாளிக்குள் சல்லிக்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி. எல்லாரும் குளித்து முடித்த பிறகுதான் பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் அப்போதுதான் தாங்கிக்குள் குளிர்தண்ணீர் நிரம்பி அடியில் நெருப்பு நெடுநேரம் எரியும். அம்மா இரண்டு கிழமையாக நடு இரவில் மேலே வந்து சோபாவில் படுத்திருக்கிறார். காஸ் வெடித்துவிடுமோ என்ற பயம். எங்களை எழுப்பக்கூடாது என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். அது தெரியவந்த காலையில் எனக்கு வேலைக்குப் போக மனமே வரவில்லை.

குழாய் வேலை செய்கிற அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் தாங்கியைத் தொடவே இல்லை. "தம்பி, இது வாடகைத் தாங்கியோ சொந்தமோ?" என்று கேட்டார். ஒன்ராறியோவில் நிறைய வீடுகளில் தாங்கி வாடகைக்குத்தான் இருக்கும், அப்படியென்றால் முதலில் அந்தக் கொம்பனியைத்தான் கூப்பிட வேண்டும். எங்களுடையது சொந்தம். அடுத்த கேள்வி, "சொஃப்ற்னருக்கு உப்புப் போடுறனீங்களோ?"

போடவில்லை. தாங்கிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெட்டி என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. உப்பின் உதவியோடு தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை நீக்குகிற பெட்டியாம். ஸ்காபரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், அங்கே இப்படியொன்று தேவைப்படவில்லை. கிச்சினர் இருக்கிற வாட்டர்லூ பகுதியில் முக்கால் பங்குத் தண்ணீர் நிலத்தடியில் இருந்து எடுப்பது. சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருவதால் கல்சியமும் மக்னீசியமும் நிறைய. சீனி சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு அப்படியில்லை, சூடேறினால் தண்ணீரை விட்டுப் பிரிந்து அடியில் படியும். அந்தப் படிவுக்குக் கீழே அகப்பட்ட தண்ணீர் நெருப்பில் ஆவியாகி, குமிழியாக முட்டிக்கொண்டு வெளியே வரும்போதுதான் அந்தச் சத்தம். அண்ணை சொல்லி முடிக்க முன்னமே அம்மா, "எங்கட வீட்டுக் கேத்தல் மாதிரியோ?" என்றார். யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலம்தானே, எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கும், அம்மா தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவுவார். அன்று இரவு கீழேயே படுத்தார்.

கழுவுகிற விதத்தை அண்ணை பக்கத்தில் நின்று காட்டித் தந்தார். காஸ் குமிழைப் பைலட்டுக்கு, அதாவது சின்னச் சுடர் மட்டும் எரிகிற நிலைக்குத் திருப்பி, குளிர்தண்ணீர் வால்வை மூடி, தண்ணீர் ஆறும்வரை சில மணித்தியாலம் விட வேண்டும், அவசரப்பட்டால் கை வெந்துவிடும். அப்புறம் அடியில் உள்ள வால்வில் தோட்டத்துக் குழாயைப் பூட்டி நிலத்து வடிகாலுக்கு விட்டு, மேலே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் இறங்கும். எங்களுக்கு நடுவில் அடைத்துக்கொண்டது. குளிர்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திறந்து மூடி அடியைக் கலக்கக் கலக்க, முட்டைக்கோது போல வெள்ளைத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன, அரை வாளிக்கு மேல் சேர்ந்தது. தாங்கி முழுதாக நிரம்பி, மேல் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை நெருப்பைக் கூட்டவே கூடாது. பழைய பிளாஸ்ரிக் வால்வு என்றால் திறந்த பிறகு ஒழுகக்கூடும், ஒரு மூடி வாங்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பொரிகிற சத்தம் சுண்ணாம்பு. ஆனால் காஸ் மணம் வந்தால் அது வேறு கதை, உடனே வீட்டை விட்டு வெளியேறி வெளியில் நின்று காஸ் கொம்பனியின் அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். தாங்கியில் அழுத்தம் கூடினால் திறக்கிற பாதுகாப்பு வால்வு ஒழுகினாலும் நாள் கடத்தக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் கதவைத் தட்டி, தாங்கி பழுதாகப் போகிறது, இன்றைக்கே இலவசமாக மாற்றித் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போதும் என்று அம்மாவிடம் படிவத்தை நீட்டியிருக்கிறார். நாங்கள் கேட்காமல் வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் ஹீற்றர் ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. பகலில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு இதைத் தமிழில் விளங்கப்படுத்தி வையுங்கள், தயவுசெய்து.

இப்போது சொஃப்ற்னருக்கு உப்புத் தவறுவதில்லை. அந்தத் தண்ணீரில் சோடியம் கூடும், அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் குசினிக் குளிர்தண்ணீர்க் குழாயை மட்டும் சொஃப்ற்னருக்கு முன்னால் இருந்து பிரித்து எடுத்திருக்கிறோம். தாங்கியை ஒவ்வொரு ஒக்ரோபரிலும் கழுவுகிறேன். போன முறை வந்தது ஒரு கைப்பிடித் துகள்தான். அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.