ஏழாம் வகுப்பு ‘பி’ அறையில் வந்த வாடை

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஒரு தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். தாம்பரத்துக்குப் பக்கம், மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மட்டும் ஏதோ நாற்றம், பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள், நாலைந்து பெற்றோர் எழுதியே கொடுத்துவிட்டார்கள், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். கட்டடப் பராமரிப்புதான் என் வேலை. மறுநாளே போனேன்.

உள்ளே நுழைந்தால் ஃபினாயில், மூலைக்கு மூலை நாப்தலீன் உருண்டை, அதற்கு மேல் மல்லிகை வாசனை ஸ்பிரே. இவையெல்லாம் வாடையைப் போக்குவதில்லை, மேலே ஒரு போர்வை போர்த்துகின்றன, பிள்ளைகள் மூச்சிழுக்கும் காற்றில் இன்னும் நாலு ரசாயனத்தைச் சேர்க்கின்றன, அவ்வளவுதான். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இரண்டு நாள் எதுவும் தெளிக்க வேண்டாம், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது காற்றை அளக்கும் மீட்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் பிள்ளைகளிடம் பேசினேன். வகுப்பாசிரியர் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், ஒரே அறையில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “இன்டர்வெல் முடிஞ்சு உள்ள வரும்போதுதான் சார் குப்புனு அடிக்கும். முட்டை அழுகின மாதிரி. ஏசி போட்டு ஜன்னலைச் சாத்துனாதான் வரும். பீரோ பக்கம் அதிகம்” என்றாள். பாதி வேலையை அவளே முடித்துவிட்டாள்.

பீரோவை நகர்த்தினோம். அடியில் தரையோடு பதித்த ஜல்லடை மூடி. அந்த அறை முன்பு ஆய்வகமாக இருந்ததாம், சிங்க்கை எடுத்தவர்கள் தரையில் இருந்த நானி ட்ராப்பை (தண்ணீர் வடிந்து சாக்கடைக்குப் போகும் குழி) அப்படியே விட்டுவிட்டார்கள். ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் தேங்கி நிற்கும், சாக்கடைக் குழாயின் காற்று மேலே வராமல் அந்தத் தண்ணீர்தான் அடைத்து நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாத ட்ராப், மே மாத வெயில் வேறு, டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறுதான் வெடித்துக் கிடந்தது. அழுகின முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அளவு 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதனால் வாடை நின்றுவிட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஜன்னல் சாத்தினால் மட்டும் ஏன்? பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் கழிப்பறை, நடுவில் பிளைவுட் அடித்து மூடிய பழைய கதவு. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்தக் கதவின் அடி இடுக்கில் காட்டினேன் (ட்ராப் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது, சாக்கடைக் காற்றில் மீத்தேன் இருக்கும்). புகை நேராக எழாமல் படுத்து, நூல் பிடித்த மாதிரி இடுக்குக்குள் ஓடியது. கழிப்பறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் வகுப்பின் காற்றை இழுக்கிறது, ஜன்னல் சாத்தியிருப்பதால் அதற்கு ஈடான காற்று காய்ந்த ட்ராப் வழியாக மேலே வருகிறது.

என்னால் பொறுக்க முடியாதது வேறு ஒன்று. இரண்டு வாரமாக இதற்குத் திட்டு வாங்கியது தூய்மைப் பணி செய்யும் அக்கா. சரியாகக் கழுவவில்லை என்று சொல்லிச் சொல்லி, அவர் பயந்துபோய் கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டித் தேய்த்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பேசும்போதே இருமினார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன். அவரை அழைத்து உட்காரவைத்து, தவறு உங்களுடையது இல்லை என்று தலைமையாசிரியை சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி.

ட்ராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கதவு இடுக்கை அடைத்தோம். மறுநாள் வாடை இல்லை. தலைவலி மட்டும் போகவில்லை. இப்போதுதான் மீட்டரை வெளியே எடுத்தேன். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுற்றி இருக்கும். 44 பிள்ளைகள் இருக்கும் அந்த அறையில் காலை பிரேயருக்கு முன் 480, இரண்டாவது பீரியட் முடிவில் 1,700, மதியச் சாப்பாட்டுக்கு முன் 2,600. வீட்டுக்குள் 1,000 தாண்டக் கூடாது என்று மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர் 1858லேயே எழுதிவிட்டார். ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது, இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். பெற்றோர் பணம் போட்டு ஏசி வாங்கித் தந்திருக்கிறார்கள், அன்போடுதான். ஆனால் அதே நாளிலிருந்துதான் ஜன்னல்கள் மூடிக் கிடக்கின்றன.

இப்போது பீரியடுக்குப் பீரியட் ஐந்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறார்கள், 900க்குள் நிற்கிறது. ரோட்டுப் பக்கம் தூசியும் ஹாரனும் வருகிறது என்று ஆசிரியர்கள் சங்கடப்படுகிறார்கள். ஃபில்டர் வைத்த ஒரு சின்ன ஃபேன் மூலம் வெளிக்காற்றை உள்ளே விடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. ட்ராப்பை நிரந்தரமாக அடைக்க பிளம்பர் காலாண்டு விடுமுறையில் வருகிறார். அதுவரை வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன் அந்தச் சிறுமிதான் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறாள்.