டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியா: என் சி.என்.ஏ. சான்றிதழ் மாறிய கதை

டெக்சஸின் இர்விங்கில் நான் சி.என்.ஏ.வாக, அதாவது சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளராக, வேலை பார்த்த இல்லத்தில் கடைசி ஷிஃப்ட் 2023 பிப்ரவரியில். அடுத்த வாரமே கும்பகோணம் கிளம்பினேன். அம்மாவுக்குப் பக்கவாதம். எட்டு மாதம் கூடவே இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, கடைசி நாள் வரைக்கும் முதுகில் ஒரு புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தபிறகு பக்கத்துத் தெருவில் ஒரு குஜராத்திப் பாட்டியைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிக் கவனித்துக்கொண்டேன். சம்பளம் ரொக்கமாகத் தருவார்கள். 2024 ஜூனில் கணவருக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் வேலை கிடைத்தது. சான்றிதழை அங்கே மாற்றலாம் என்று விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்த உழைப்பில் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியவர்களும் நடமாட முடியாதவர்களும் தங்கியிருக்கும் இல்லம். அங்கே குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க வைப்பது, நாடி பார்ப்பது எல்லாம் சி.என்.ஏ. வேலை. 1987-இல் வந்த மத்தியச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில். பதிவேடு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. நர்ஸ்களுக்குப் பல மாநிலங்கள் சேர்ந்து கூட்டு உரிமம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கிடையாது. ஆகவே மாநிலம் மாறும்போது ரெசிப்ராசிட்டி, அதாவது ஒரு மாநிலச் சான்றிதழை இன்னொரு மாநிலம் ஏற்பது, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

என் முதல் பயம் மணிக்கணக்கு. நான் படித்தது டெக்சஸின் 100 மணி நேரம். கலிஃபோர்னியாவில் 160: வகுப்பில் 60, இல்லத்தில் 100. மீதியைப் படிக்கச் சொல்வார்களோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. கேட்கவில்லை. சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, பதிவேட்டில் பெயர்மேல் துன்புறுத்தல் புகார் ஏதும் நிரூபணமாகியிருக்கிறதா, கடந்த இரண்டு வருடத்துக்குள் சம்பளத்துக்கு வேலை செய்ததற்குச் சான்று உண்டா, கைரேகை தந்தாயிற்றா: இவைதான் கேள்விகள்.

மூன்றாவது கேள்விதான் என்னை வதைத்தது. தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் பயிற்சியையும் தேர்வையும் மறுபடி தொடங்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அம்மாவுக்குச் செய்தது சம்பளமில்லாதது. பாட்டி வீட்டு வேலைக்குச் சம்பளம் உண்டு, ஆனால் மேற்பார்வைக்கு நர்ஸ் இல்லை, ரசீது இல்லை. என் கணக்கு 2023 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. 24 மாதம் முடிய மிச்சம் எட்டு மாதம். அதற்கு முன்பே அக்டோபரில் டெக்சஸ் சான்றிதழ் காலாவதி.

பழைய இல்லத்தைக் கூப்பிட்டேன். அதற்குள் அது வேறு நிர்வாகத்துக்குக் கைமாறியிருந்தது. சம்பள ரசீதுகள் இருந்த இணையதளத்தில் என் கணக்கே இல்லை. மூன்று வாரம் ஒவ்வொருவராகப் பேசினேன், பழைய ஆவணம் தங்களிடம் இல்லை என்றார்கள். கடைசியில் கைகொடுத்தது கணவர் வைத்திருந்த வருமான வரிக் கோப்பு. 2023-க்கான டபிள்யூ-2, அதாவது வேலை தந்தவர் கொடுக்கும் வருடச் சம்பளப் படிவம், அதில் இருந்தது. ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதச் சம்பளம்தான், ஆனாலும் இல்லத்தின் பெயரும் என் பெயரும் அச்சில். அது தொலைந்திருந்தாலும் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் சம்பள விவரப் பிரதியை இலவசமாகக் கேட்டு வாங்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேலையை விடுகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: கடைசிச் சம்பள ரசீதை அன்றைக்கே இறக்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முடிச்சு பெயரில். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் ஏது? 2018-இல் பயிற்சியில் சேர்ந்தபோது பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தது. டெக்சஸ் பதிவேட்டிலும் அப்படியே ஏறியது. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கையில் கணவர் பெயரைப் போட்டேன். கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, டபிள்யூ-2 எல்லாம் அதன்படி. படிவத்தைப் பார்க்கிறவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெண்கள். அதனால் கலிஃபோர்னியாவுக்கு எதையும் அனுப்பாமல், முதலில் டெக்சஸ் பதிவேட்டில் பெயரைத் திருத்தினேன். கும்பகோணத்தில் பதிந்த திருமணச் சான்றிதழ் ஆங்கிலத்திலும் இருந்தது நல்லதாகப் போயிற்று. பொறுமை இழந்து அப்படியே அனுப்பியிருந்தால் அக்டோபர் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜூலைக் கடைசியில் விண்ணப்பம் கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்குப் போனது. கைரேகை ஃப்ரீமான்டில் ஒரு கடையில், லைவ் ஸ்கேன் என்ற மின்னணு முறையில். இரண்டு வாரம் கழித்து ரேகை தெளிவில்லை என்று கடிதம். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறோம், எத்தனை முறை சானிடைசர் போடுகிறோம்! கோவிட் காலத்தில் என் விரல் நுனிகள் வெடித்து ரத்தம் வந்ததுண்டு. அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். போவதற்கு முன் பத்து நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுத்தேன். இந்த முறை பதிந்தது. இரண்டு தடவை மறுக்கப்பட்டால் எஃப்.பி.ஐ. பெயரை வைத்தே சரிபார்க்கும் வழி இருக்கிறது என்று அந்தக் கடையில் இருந்தவர் சொன்னார், நல்ல மனுஷி.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை, கலிஃபோர்னியா தளத்தில் என் பெயரைத் தட்டினேன். வந்தது, நடப்பில் உள்ளது என்று.

ஹேவர்டில் ஓர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் டெக்சஸ் பதிவேட்டையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். இங்கே இரண்டு வருடத்துக்கு 48 மணி நேரத் தொடர்பயிற்சி, வருடத்துக்குக் குறைந்தது 12. ஒவ்வொன்றின் சான்றையும் அந்த வரிக் கோப்பிலேயே போட்டுவைக்கிறேன். முதல் நாள் மாலை மூன்று மணி ஷிஃப்ட்டில் எனக்குக் கொடுத்தவர்களில் ஒரு பஞ்சாபிப் பாட்டி, பக்கவாதம், வலது பக்கம் அசையாது. அம்மாவுக்கும் அதே பக்கம்தான். தலையணையை முதுகுக்கு அணைகொடுத்து இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன், நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.