முடிந்தவரை

"முட்டியை மடக்கச் சொன்னா எவ்வளவு தூரம் மடக்கட்டும், அண்ணே?" என்று, ஊன ஓய்வூதியத்துக்காக மறுநாள் மெடிக்கல் போர்டு எனப்படும் மருத்துவர் குழு முன் நிற்கவிருந்த ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் என்னிடம் கேட்டார். "முடிஞ்ச வரைக்கும் மடக்குங்க, தம்பி" என்று நான் சொன்னேன். அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். மற்றதெல்லாம் தாள்களைப் பற்றிய பேச்சு. அவருடைய காலைப் பற்றிப் பேசியது இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். ஓராண்டுக்கு மேலாகியும் நான் அவற்றிலிருந்து நகர முடியாமல் இருக்கிறேன். என் பதிலில் பொய் இல்லை. அதில் தவறு இருந்ததா என்பதைத்தான் என்னால் இன்றுவரை முடிவு செய்ய இயலவில்லை.

நான் படையில் எழுத்தராகப் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் படைக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு என்பதால், ஓய்வூதியத் தாள்களோடு வருகிறவர்களுக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. அதிலும் டிசெபிலிட்டி பென்ஷன் எனப்படும் ஊன ஓய்வூதியக் கோப்புகளில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. வழக்கமாக எங்கள் போராட்டமெல்லாம் ஒரே கேள்வியில்தான் இருக்கும்: அந்த நோயோ காயமோ பணியால் ஏற்பட்டதா, அல்லது பணியால் மோசமானதா என்பது. 'இரண்டும் இல்லை' என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் அந்தக் கோப்பு அங்கேயே நின்றுவிடும். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சேரும்போது உடலில் எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்த குறை பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று வாதிட எங்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

இவருடைய கோப்பில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. சுமையோடு ரோந்து போகையில் பனிச்சரிவில் வழுக்கி விழுந்து வலது முட்டியின் தசைநார் கிழிந்தது. அப்போதே இன்ஜுரி ரிப்போர்ட் எழுதப்பட்டது. கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தும் இருந்தது. நாயக் பதவியில் ஓய்வு பெறும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டும் பணியால் ஏற்பட்ட காயம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஊனத்தின் அளவு மட்டும் 15 முதல் 19 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்தது. அதை எதிர்த்து நான் எழுதிக் கொடுத்த முதல் மேல்முறையீட்டில், மீண்டும் ஒரு போர்டு முன் வந்து நிற்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது அதற்கு முந்தைய மாலை.

அந்த 19 என்ற எண்ணின் பொருள் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. இவருக்குப் பொருந்திய விதிப்படி, முழுப் பணிக்காலம் முடித்து வருகிறவருக்கு ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரப்படும் ஊனக் கூறு கிடைக்க வேண்டுமானால், ஊனம் குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். அதற்குக் கீழே ஊன அளவுக்கேற்ப அது குறையும். ஆனால் 20-ஐத் தொட்டுவிட்டால் ரவுண்டிங் வந்துவிடும்: 50-க்குக் கீழே உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கணக்கிடப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே 20 சதவீதம் என்பது 50 சதவீதமாகி, கடைசி ஊதியத்தில் 15 சதவீதமாக வாழ்நாள் முழுவதும் வரும். நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியவருக்கு அது மாதம் ஆறாயிரம். அதன்மேல் அகவிலைப்படி நிவாரணமும் உண்டு. 19 சதவீதத்துக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு சதவீதத்துக்கு நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை அன்று மாலை அவரிடம் தாளில் எழுதிக் காட்டி விளக்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கணக்கைக் கேட்டதும் ஆசைப்பட்டுக் கேட்டதாக அப்போது நான் எடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படி நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் செவித்திறன் குறைவுக்காக ஒரு போர்டுக்குப் போனார். அவருக்கு ஒரு காதில் உண்மையாகவே கேட்காது. ஆனால் அவருக்கு உதவி செய்த வேறொருவர், இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்லும்படி சொல்லி அனுப்பிவிட்டார். ஆறு மீட்டர் தூரத்தில் முதுகைக் காட்டி நிற்க வைத்து, முதலில் பேச்சுக் குரலிலும் பிறகு கிசுகிசுப்பிலும் சொற்களைச் சொல்லிச் சோதிப்பார்கள். எதற்கும் பதில் சொல்லாமல் அசையாமல் நின்றவர், கடைசியில் மருத்துவர் மெல்லிய குரலில் "சரி, ஃபைலை எடுத்துக்கொண்டு போகலாம்" என்றதும் திரும்பிக் கையை நீட்டிவிட்டார். அவருக்கு இருந்த உண்மையான குறையையும் அதன் பிறகு யாரும் நம்பவில்லை. கோப்பில் ஏறிய அந்தச் சந்தேகத்தை என்னால் எந்த மேல்முறையீட்டிலும் இறக்க முடியவில்லை. அன்றுமுதல் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தாளில் எது வேண்டுமானாலும் சொல்லித்தருவேன், உடலில் எதையும் சொல்லித்தர மாட்டேன். என்ன இருக்கிறதோ அதை மருத்துவர் பார்க்கட்டும்.

அந்த விதியிலிருந்துதான் 'முடிஞ்ச வரைக்கும்' என்ற சொல் வந்தது. நடிக்காதீர்கள் என்பதை அவர் மனம் நோகாமல் சொல்வதாகவே நான் எண்ணினேன்.

போர்டின் நகல் கைக்கு வந்தபோது அதில் இருந்தவை இவை: வலது முட்டி 130 டிகிரி வரை மடங்குகிறது, மடக்கும்போது வலி இருப்பதாகத் தெரிவிக்கவில்லை, வலது தொடையின் சுற்றளவு இடது தொடையைவிட 2 சென்டிமீட்டர் குறைவு, ஊனம் 15 முதல் 19 சதவீதம். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். "மடக்கச் சொன்னாங்க, மடக்கினேன். வலிக்குதான்னு இந்தியில கேட்டாங்க. டீக் ஹை, சாப்னு சொன்னேன்" என்றார். 'சரியாக இருக்கிறது, ஐயா' என்பது அதன் பொருள். வலித்ததா என்று கேட்டேன். "உயிர் போச்சு, அண்ணே" என்றார். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டபோது, அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்கதானே முடிஞ்ச வரைக்கும்னு சொன்னீங்க" என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சொன்னதைச் செய்து முடித்தவரின் குரல் அது.

நானும் அதே படையில் இருந்தவன். அங்கே 'முடிந்தவரை' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? பி.பி.இ.டி. எனப்படும் உடல்தகுதித் தேர்வின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முடிந்தவரை ஓடு என்றால், வலிக்கும் இடத்தில் நில் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. விழும்வரை ஓடுவதே அதன் பொருள். கேட்டவருக்கு அது ஒரு கட்டளையாகப் போய்ச் சேரும் என்பது, சொன்ன எனக்கு அந்த நொடியில் தோன்றியிருக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. காயம்பட்ட பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் பணியில் இருந்தார். ஒவ்வொரு முறை மருத்துவச் சோதனை வரும்போதும் வலியை மறைப்பதே அவருடைய முயற்சியாக இருந்தது. ஷேப்-ஒன் என்ற முழு உடல்தகுதியிலிருந்து இறங்கி லோ மெடிக்கல் கேட்டகரி எனப்படும் குறைந்த உடல்தகுதிப் பிரிவுக்குப் போனால், பதவி உயர்வும் இரண்டு ஆண்டுப் பணி நீட்டிப்பும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் படையில் எல்லோருக்கும் உண்டு. சோதனை நாளின் காலையில் ஒரு வலி மாத்திரை, மருத்துவர் முன் நேராக நிற்பது, கேட்டால் 'டீக் ஹை' என்பது, இப்படியே அந்த உடல் பழகிவிட்டது. கடைசியில் முட்டி ஒத்துழைக்க மறுத்து கேட்டகரி இறங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. ஒன்பது ஆண்டுகள் மறைத்ததை ஒரே நாளில் காட்டு என்று அரசாங்கம் கேட்கிறது. அதைக் காட்டுவது எப்படி என்பதே அந்தத் திண்ணையில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி. நான் அதை, பொய்யாகக் காட்டட்டுமா என்று கேட்டதாகக் கேட்டுவிட்டேன்.

அவருடைய மனைவி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "மாடிப்படியில பக்கவாட்டாத்தான் இறங்குறாரு, அண்ணா. தரையில உட்கார முடியாம கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி வரைக்கும் நாற்காலிக்காக நிக்கிறாரு. இதெல்லாம் அங்கே யாரும் கேட்கலையா?" என்றார். கேட்டிருக்க மாட்டார்கள் என்றும், நாமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் நான் பதில் சொன்னேன். சொல்லும்போதே, அதை அவருக்கு நான் சொல்லவில்லையே என்பதும் எனக்குத் தெரிந்தது. வலிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் படிக்கட்டைப் பற்றிச் சொல்லுங்கள். தரையில் உட்கார முடியாததைச் சொல்லுங்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. இருந்தும், 'வலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்' என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அந்த இடம் எது என்பதை அவர் முடிவு செய்கிறாரா, திண்ணையில் கேட்ட ஆறாயிரம் ரூபாய் முடிவு செய்கிறதா என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. எனக்கு முன் வந்து உட்காருகிற எல்லோரும் இவரைப் போன்றவர்கள் அல்லர்.

2015-16 முதல் 2019-20 வரையிலான காலத்தில் ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதத்தினரும், அதிகாரிகள் அல்லாத வீரர்களில் 15 முதல் 18 சதவீதத்தினரும் ஊன ஓய்வூதியம் பெற்றதாக சி.ஏ.ஜி. எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறிப்பிட்டது. 2023-இல் அது வந்தபோது, இந்த ஓய்வூதியம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற பேச்சு பெரிதாக எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விதிகளும் மாறின. எனக்கு அந்த எண்களில் வேறொன்று தெரிந்தது. பனிச்சரிவில் சுமை தூக்குகிறவனுடைய உடல் அதிகாரியின் உடலைவிடக் குறைவாகவா தேய்கிறது? மருத்துவரிடம் தன் மொழியில், சமமாக நின்று, எங்கே எப்படி வலிக்கிறது என்று விவரிக்கத் தெரிந்தவருக்கும், 'டீக் ஹை, சாப்' என்பதைத் தவிர வேறு பதில் பழகாதவருக்கும் உள்ள தூரமும் அந்த எண்ணிக்கையில் ஒரு பங்காக இருக்கும் என்றே நான் நம்புகிறேன். அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்றால், அன்று மாலை நான் அதைக் குறைக்கவில்லை.

வேறு விதமாகவும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முட்டி மடங்கும் அளவு ஒன்றை மட்டும் வைத்து எந்தப் போர்டும் முடிவு செய்வதில்லை. எக்ஸ்ரே இருந்தது, ஸ்கேன் இருந்தது, தொடையின் சுற்றளவு இருந்தது. பயன்படுத்தாத தசைதான் மெலியும்; அந்த 2 சென்டிமீட்டருக்கு நடிக்கவும் தெரியாது, மறைக்கவும் தெரியாது. அதைப் பார்த்த பிறகும் 19-ஐத் தாண்ட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றால், என் ஒரு சொல்லா அதை மாற்றியிருக்கும்? மேலும், போர்டு அன்று விடியற்காலையில் சென்னைக்குப் பேருந்து ஏறும் முன்பு, மூன்று மணி நேரப் பயணத்தில் கால் மரத்துப் போகுமே என்று அவர் வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். பின்னால்தான் எனக்குச் சொன்னார். அந்த மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் 130 டிகிரி சாத்தியமே இல்லை என்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் ஏற்பட்டது ஆறுதல். அந்த ஆறுதலுக்காக இப்போதும் மனம் கூசுகிறது. மாத்திரை போடாமல் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். அது உடலில் சொல்லித்தருவது ஆகாது.

இரண்டாம் மேல்முறையீட்டை எழுத உட்கார்ந்தபோது, போர்டில் ஏன் முழுவதும் மடக்கினேன் என்பதை எழுத வேண்டும் என்று அவர் சொன்னார். "நீங்க சொன்னதையும் அப்படியே எழுதுங்க, அண்ணே. நடந்தது அதுதானே" என்றார். மாத்திரையைப் பற்றி எழுதினேன். படிக்கட்டைப் பற்றியும், பந்தியைப் பற்றியும், இந்தியில் கேட்ட கேள்விக்குப் பழக்கத்தில் வந்த பதிலைப் பற்றியும் எழுதினேன். ஒருவர் அறிவுரைப்படி மடக்கினேன் என்று மனுவில் இருந்தால், இவருக்கு முன்கூட்டியே சொல்லித்தந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காது கேளாதவருக்கு நேர்ந்தது இவருக்கும் நேரும். இப்படி விளக்கி, அந்த வரியை நான் சேர்க்கவில்லை. அவர் மறுத்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்த விளக்கம் அவருக்காகவா, எனக்காகவா என்று அவர் கேட்கவில்லை.

மனு போய் ஐந்து மாதம் ஆகிறது. நிராகரிக்கப்பட்டால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். தீர்ப்பாயம் மறுபடியும் ஒரு போர்டுக்கு அனுப்பக்கூடும் என்பதையும் சொன்னேன். "அப்ப எப்படி மடக்கணும்னு அப்போ சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, திண்ணையின் ஒற்றைப் படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கிப் போனார்.