புலிக்கு ஒரு சிங்கம்

"விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடிங்க" என்று சொல்லித்தான் பெட்டியைத் திறந்தார் நண்பர்.

உள்ளே ராஜேந்திர சோழன் நினைவு வெள்ளி நாணயம். 2025 ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் வெளியிட்டது.

திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் பார்க்கும் அசோகச் சிங்கங்கள், கீழே ₹1000. புலிக்கொடிக்காரனுக்குச் சிங்க முத்திரை! சட்டப்படி சரிதான், ஆனாலும் சிரிப்பு வந்தது.

ஆயிரம் ரூபாய் என்று போட்டிருக்கிறதே தவிர, யாரும் இதை மளிகைக் கடையில் நீட்டப் போவதில்லை. உள்ளிருக்கும் வெள்ளியே அதைவிட விலை.

ராஜேந்திரனே அடித்த காசுகளில் நடுவில் புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியனின் மீன், சேரனின் வில். யாரை வென்றேன் என்பதைச் சொல்ல அவ்வளவு போதும். தன் முகத்தைப் போட்டுக்கொள்ளவில்லை.

முகம் பார்க்க வேண்டுமென்றால் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கே போக வேண்டும். வடக்கு வாசல் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம்; பக்தர் சண்டேசருக்குச் சிவன் அருள்செய்யும் காட்சி. சிவன் கொன்றை மாலையைத் தலையில் சுற்றிவிடுகிறார், கீழே கைகூப்பி ஒருவர். சண்டேசர்தான். ஆனால் அது ராஜேந்திரனும்தான் என்பவர்கள் உண்டு.

நான் அந்தக் கட்சி.