டிபெண்டபிள் நெட்வொர்க்ஸ் அரியர் கிளியர் ஆயிடுச்சு: ஃபார்முலா போடறதுக்கு முன்னாடி படத்தைப் பாருங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ். எம்இ-ல எனக்கு இருந்த ஒரே அரியர் இந்த டிபெண்டபிள் நெட்வொர்க்ஸ்தான், அதாவது ஒரு பாகம் கெட்டாலும் நம்பி இருக்கற மாதிரி நெட்வொர்க்கை எப்படி அமைக்கறதுங்கற பேப்பர். பாலக்கோட்டுல வீட்டுல அம்மாகிட்ட சொல்லிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேச வரல, அப்படியே உக்காந்துட்டேன். போன தடவை நான் ஃபெயில் ஆனதுக்கு ஒரே ஒரு தப்புதான் காரணம், அது மறந்து போறதுக்குள்ள அடுத்து எழுதப்போறவங்களுக்கு சொல்லிடணும்னு சூட்டோட சூடா டைப் பண்றேன்.

நேரா விஷயத்துக்கு வரேன்.

முதல் தடவை கொஸ்டின் பேங்க் முழுசும் மனப்பாடம். ஆனா எங்க சார் ரிசர்ச்சே நெட்வொர்க்ல ஒரு இடம் அறுந்தாலும் சர்வீஸ் நிக்காம எப்படி ஓட வைக்கிறதுங்கறதுலதான், அதனால அவர் குடுக்கற கணக்குல லிங்க் எல்லாம் புக்ல இருக்கற மாதிரி தனித்தனியா நிக்காது. பார்ட் சி-ல ரெண்டு ஆபீஸ், நடுவுல ரெண்டு ஃபைபர், ஒவ்வொண்ணுக்கும் அவைலபிலிட்டி (மொத்த நேரத்துல வேலை செய்யற பங்கு) 0.99. நான் பார்த்த உடனே 1-லிருந்து 0.01 × 0.01 கழிச்சு 0.9999, வருஷத்துக்கு சுமார் 53 நிமிஷம்தான் டவுன்டைம்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். படத்துல ரெண்டு ஃபைபரும் ஒரு பாலத்துக்கிட்ட ஒரே குழாய்க்குள்ள போகுது, அந்த குழாய்க்கு 0.995-ன்னு ஓரமா போட்டிருந்தாங்க. நான் அதைப் பார்க்கவே இல்ல. சரியான விடை 0.995 × 0.9999, அதாவது 0.9949. வருஷத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல டவுன். 53 நிமிஷம் எங்க, 44 மணி நேரம் எங்க! 4 மார்க்ல போச்சு எனக்கு.

விடைத்தாள் போட்டோகாப்பி வாங்கிட்டு சார்கிட்ட போனேன். "ரெண்டு கோடு போட்டா ரெண்டு வழி ஆயிடாதும்மா, ரெண்டும் எங்க ஒண்ணு சேருதுன்னு பாரு"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு எனக்கு அது ஏறல, கோவம்தான் வந்துச்சு.

அது புரிஞ்ச இடம் தொப்பூர் கணவாய். அக்காவுக்கு சேலத்துல பிரசவம், நானும் அப்பாவும் தர்மபுரியில பஸ் ஏறினோம், மாமா அரை மணி நேரம் கழிச்சு சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு வேன்ல வந்தார், ஒண்ணு லேட் ஆனாலும் இன்னொண்ணு போய் சேர்ந்துடும்னுதான் அப்படி பிரிஞ்சு கிளம்பினதே. கணவாய் இறக்கத்துல ஒரு லாரி கவுந்து கிடக்கு, பஸ்ஸும் நிக்குது, பின்னாடி வேனும் நிக்குது. அரூர் போய் மஞ்சவாடி கணவாய் வழியா போயிருந்தா சுத்துதான், ஆனா அந்த ரோடு தொப்பூரைத் தொடாது. வண்டி ரெண்டு, வழி ஒண்ணு. புக்ல ஷேர்டு ரிஸ்க் லிங்க் க்ரூப்னு போட்டிருக்கறது இதைத்தான்னு அந்த பஸ்ல உக்காந்துதான் எனக்கு உறைச்சுது. (அக்காவும் பாப்பாவும் நல்லா இருக்காங்க.) ரோட்டோரம் ஜேசிபி ஒரு தடவை பள்ளம் தோண்டினா ஒரே குழியில போட்ட ரெண்டு கம்பெனி கேபிளும் சேர்ந்துதான் அறுபடும், பில் தனித்தனியா வந்தா என்ன பிரயோஜனம்.

அதனால இந்த தடவை ஒவ்வொரு படத்துலயும் முதல்ல பென்சிலால பொதுவான இடத்தை எல்லாம் வட்டம் போட்டேன்: ஒரே குழாய், ஒரே கரண்ட் லைன், ஒரே ரேக், ஒரே சாஃப்ட்வேர் வெர்ஷன். அதுக்கப்புறம்தான் பேனாவை எடுத்தேன். மத்ததெல்லாம் நீங்க அரைகுறையா படிச்சாலும் பரவால்ல, இதை மட்டும் விடாதீங்க.

இதோட ஒட்டின இன்னொரு விஷயம், ரெண்டு டிஸ்ஜாயிண்ட் பாத் (எந்த லிங்க்கும் பொதுவா இல்லாத ரெண்டு வழி) கண்டுபிடிக்கச் சொன்னா ஷார்ட்டஸ்ட் பாத்தை எடுத்து அழிச்சுட்டு மிச்சத்துல இன்னொண்ணு தேடாதீங்க. சில நெட்வொர்க்ல அந்த முதல் பாத்தே ரெண்டாவதுக்கு வழியை அடைச்சுடும், நிஜமா ரெண்டு வழி இருந்தும் "இல்ல"ன்னு எழுதிட்டு வருவீங்க. 1974-ல சுர்பல்லே குடுத்த அல்காரிதம் ரெண்டையும் சேர்த்து பார்க்கும், அதை கையால மூணு தடவையாவது போட்டுப் பாருங்க.

மிச்சம் வேகமா:

- ஃபால்ட், எரர், ஃபெயிலியர் மூணும் ஒண்ணு இல்ல. ஸ்விட்ச் மெமரியில ஒரு பிட் கெட்டுப்போற மாதிரி மூலக்கோளாறு ஃபால்ட், அதனால பாக்கெட் எந்தப் பக்கம் போகணும்னு சொல்ற டேபிள்ல தப்பான என்ட்ரி நிக்கறது எரர், பாக்கெட் போய் சேராம யூசருக்கு தெரியறது ஃபெயிலியர். அவிசியனிஸ், லாப்ரி, ராண்டல், லாண்ட்வெர் 2004 பேப்பர்ல இருக்கற வரிசை இதுதான், சார் அந்த பேப்பரை கிளாஸ்லயே படிக்க வெச்சார்.
- எம்டிடிஎஃப் (கெட்டுப்போற வரைக்கும் சராசரியா ஓடற நேரம்) 2000 மணி, எம்டிடிஆர் (சராசரி ரிப்பேர் நேரம்) 4 மணின்னா அவைலபிலிட்டி 2000/2004. ரிப்பேர் நேரத்தை 2 மணி ஆக்கினாலும், எம்டிடிஎஃப்பை 4000 ஆக்கினாலும் விடை ஒண்ணேதான். சீக்கிரம் சரி பண்றதும் கெடாம இருக்கற அளவுக்கு முக்கியம், எனக்கு இந்த பேப்பர்ல ரொம்ப பிடிச்சது இதுதான்.
- சும்மா நின்னு போற நோடு (நெட்வொர்க்ல இருக்கற கம்ப்யூட்டர்) f எண்ணிக்கை இருந்தா, மெஜாரிட்டிக்கு மொத்தம் 2f+1 நோடு போதும். பொய் சொல்ற நோடுன்னா 3f+1 வேணும், லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் 1982. என் கூட எழுதினவங்க நிறைய பேர் இதைத்தான் மாத்தி எழுதினாங்க.
- ராடியா பெர்ல்மன் 1985-ல குடுத்த ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச் நெட்வொர்க்ல பாக்கெட் சுத்தி சுத்தி வராம தடுக்கற முறை), பழைய 802.1டி ஸ்டாண்டர்டோட டிஃபால்ட் டைமர்ல, ஒரு லிங்க் போனா மீண்டு வர 30 முதல் 50 செகண்ட். சோனெட் ரிங்ல (வட்டமா போட்ட ஃபைபர் நெட்வொர்க்) மாற்று வழிக்கு மாறுறதுக்கு 50 மில்லிசெகண்ட். யூனிட்டை மறக்காம எழுதுங்க.

படிக்கற விதம் ஆளாளுக்கு மாறும். எனக்கு குரூப் ஸ்டடி சரிப்படாது, விடியக்காலை நாலரைக்கு எழுந்து தனியா பழைய கேள்விப்படத்தை எல்லாம் திரும்ப வரைஞ்சு பார்த்தேன், வாய்விட்டு சொல்லிக்கிட்டே வரைஞ்சேன், அப்படி பண்ணினதுதான் மண்டையில நின்னுச்சு.

கடைசியா கால்குலேட்டர். ரெண்டு டெசிமல்ல ஃபிக்ஸ் ஆகி இருந்தா 0.99999 அப்படியே 1.00-ன்னு காட்டும், ஹாலுக்குள்ள போன உடனே மாத்திடுங்க. அதோட அவைலபிலிட்டியை பெருக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கெட்டுக் கிடக்கற பங்கை கூட்டிப் பாருங்க: வரிசையா மூணு பாக்ஸ், ஒவ்வொண்ணும் 0.001 டவுன்னா மொத்தம் கிட்டத்தட்ட 0.003. இதை ஓரத்துல எழுதி வெச்சுட்டு முழுக்கணக்கு போட்டா, விடை எங்கயாவது தப்பி போச்சுன்னா அங்கயே தெரிஞ்சுடும்.