டிராக் லோடர் இழுக்கவில்லையா? பம்பை இறக்குவதற்கு முன்

சிங்கப்பூரின் துவாஸ், சுங்கை காடுட் பக்கம் கைமாறும், டிராக் எனும் பட்டையில் ஓடி மண் அள்ளும் பழைய சின்ன டிராக் லோடர்களைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: காலையில் நன்றாக ஓடுகிறது, எண்ணெய் சூடேறினால் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. உடனே "பம்பு போச்சு" என்று முடிவு கட்டிப் பெரும் பணத்தைச் செலவழிக்கிறார்கள். சோதிக்காமல் பம்பை இறக்காதீர்கள்.

இதில் எஞ்சினால் சுழலும் ஹைட்ராலிக் பம்பும், அது அனுப்பும் எண்ணெயால் டிராக்கைச் சுழற்றும் மோட்டாரும் மூடிய சுற்று. மோட்டாரிலிருந்து வரும் எண்ணெய் டேங்குக்குப் போகாமல் நேராகப் பம்புக்கே திரும்பும். உள்ளே கசிவதைச் சார்ஜ் பம்பு என்ற சின்னத் துணைப் பம்பு ஈடுகட்டும். பல மெஷின்களில் சார்ஜ் பிரஷர் 20 முதல் 30 பார் வரை இருக்கும். சரியான அளவை உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள். சூடான எண்ணெய் இளகும். தேய்ந்த பிஸ்டன் இடுக்கில் கசிவு கூடும். மதியத்தில் பலம் குறைவது அதனால்தான்.

இரண்டு பக்கமும் பலவீனமா, ஒரு பக்கம் மட்டுமா, ஒரு பக்கத்தில் ஒரு திசை மட்டுமா? முதலில் இதைப் பிரித்துவிடுங்கள். இரண்டும் என்றால் எண்ணெய் அளவு, அடைத்த ஃபில்டர், சக்‌ஷன் ஹோஸில் காற்று, சார்ஜ் பிரஷர் என்று போங்கள். நுரைத்தால் காற்று; பால்போல வெளுத்தால் தண்ணீர். பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் பெரும்பாலும் சார்ஜ் பிரஷர்தான். அது குறைந்தால் பிரேக் பாதி பிடித்தபடியே ஓடும், ஹப் கொதிக்கும். ஒரு திசை மட்டும் என்றால் அந்தத் திசைக்கு எண்ணெய் போகும் போர்ட்டின் ரிலீஃப் வால்வை, அதாவது அளவுக்கு மீறிய பிரஷரை வெளியே விடும் வால்வை, சந்தேகியுங்கள். முன் திசை, பின் திசை வால்வுகளின் கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாட்டும் வால்வுத் துண்டு) இரண்டும் ஒரே செட்டிங் என்றால் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் திசை மாறினால் வால்வுதான் குற்றவாளி.

ஒரு பக்கம் மட்டும் என்றால், ஹோஸைத் தொடுமுன் ரோலர்களுக்கு நடுவே இறுகிய களிமண்ணைக் கழுவி, டிராக் இறுக்கத்தைச் சரிபாருங்கள். காலாங் பக்கத்து கடல் களிமண்ணில் வேலை செய்த வண்டிக்கு இது மிக முக்கியம். எலக்ட்ரானிக் ஜாய்ஸ்டிக் என்றால் ஃபால்ட் கோடைப் படித்து, டிரைவ் கேலிபரேஷனையும் செய்துவிடுங்கள்.

பிறகுதான் ஹோஸ் மாற்றும் சோதனை. ஆர்மை இறக்கி, எஞ்சினை அணைத்து, பிரஷரை வெளியேற்றுங்கள். பம்பிலிருந்து இடது மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றுங்கள். முன் திசை ஹோஸ் முன் திசைக்கே போக வேண்டும். நீளம் போதாவிட்டால் அதே பிரஷர் தரமுள்ள இணைப்பு ஹோஸ் செய்யுங்கள், மலிவான ஹோஸ் வெடிக்கும். இப்போது இடது லீவர் வலது டிராக்கை இயக்கும் என்பதால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பலவீனம் அதே டிராக்கில் நின்றால் மோட்டார், பிரேக், ஃபைனல் டிரைவ் (மோட்டாருக்கும் டிராக்குக்கும் நடுவே உள்ள கியர் பெட்டி) பக்கம் பாருங்கள். மறு டிராக்குக்கு மாறினால் முதலில் பலவீனமாக இருந்த டிராக்கை இயக்கிய பம்புப் பகுதி, அல்லது அதன் கன்ட்ரோல்.

மோட்டார் என்று வந்தால் கேஸ் டிரெயின், அதாவது மோட்டாருக்குள் கசிந்து அதன் கூட்டிலிருந்து டேங்குக்கு வடியும் எண்ணெயின் அளவு, உண்மையைச் சொல்லும். டிரெயின் ஹோஸை நீட்டி வாளியில் விட்டு, டேங்க் பக்கத் துளையை அடைத்துவிடுங்கள். எண்ணெய் சூடாக இருக்கும்போது பக்கெட்டை மண்மேட்டில் முட்டுக்கொடுத்து, சில விநாடிகள் மட்டும் டிராக்கை இழுக்கச் செய்து, இரண்டு பக்கமும் ஒரே நேர அளவில் எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மிக அதிகமாகக் கொட்டினால் அந்த மோட்டார் தேய்ந்துவிட்டது. கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே இழக்க நேரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பலர் மறப்பது டிரெயின் ஃபில்டர். சில மாடல்களில் அது தனியாக இருக்கும். அடைத்தால் மோட்டார் கேஸில் பிரஷர் ஏறி, ஷாஃப்ட் சீல் பிதுங்கி, ஹைட்ராலிக் எண்ணெய் ஃபைனல் டிரைவுக்குள் போகும். சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் போய்விடும்.

மோட்டார் உடைந்திருந்தால் இரும்புத்தூள் அந்தச் சுற்று முழுக்கப் பரவியிருக்கும். ஹோஸ், கூலர், டேங்க் கழுவி, ஃபில்டர்களை மாற்றிய பிறகே புதியதைப் போடுங்கள். அதன் கேஸில் சுத்தமான எண்ணெய் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிடத்திலேயே கீறல் விழும். பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றாமல், உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

வாங்கும் நிலையில் இருப்பவர்கள், எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை வேலை வாங்கிவிட்டு ஃபைனல் டிரைவ் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். கியர் எண்ணெய் இளகி அளவுக்கு மேல் வழிந்தால், சீல், மோட்டார் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.