ரேகன்ஸ்பர்க்: கையில் காசில்லாததால் தப்பிய ஊர்

ஜெர்மனியின் பழைய நகரங்கள் பலவற்றை இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் தரைமட்டமாக்கிவிட்டன. அங்கெல்லாம் நாம் வாய்பிளந்து பார்க்கும் வீதிகள் பிற்பாடு அச்சு மாறாமல் திருப்பிக் கட்டப்பட்டவை. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வரும் ரேகன்ஸ்பர்க் அப்படியல்ல. டான்யூப் கரையில் அந்தக் கால ஊர் பெரிய சேதமில்லாமல் நிற்கிறது. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

முதலில் கல் பாலம். 1135-ல் தொடங்கி 1146-ல் முடித்திருக்கிறார்கள். சுமார் 800 ஆண்டுகள் ஊருக்கு இருந்த ஒரே டான்யூப் பாலம் இதுதான். நடுவில் லேசாக முதுகு தூக்கியிருக்கும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தூணையும் சுற்றிப் படகு வடிவில் ஒரு கல் திட்டு. தூணைக் காக்கத்தான் அது, ஆனால் ஆற்றின் பாதி வழியை அடைத்துக்கொள்கிறது. மிச்ச இடுக்கில் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்து, மறுபக்கம் சுழிபோட்டுத்தான் அடங்குகிறது. சரக்குக் கப்பல்கள் இன்று கால்வாய் வழியாகச் சுற்றிப் போவதில் வியப்பில்லை.

பாலத்தின் மேல் ஒரு சின்னக் கல் மனிதன், கண்ணுக்கு மேல் கையை வைத்து பேராலயத்தின் பக்கம் பார்க்கிறான். பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம். பாலக்காரன் சாத்தானிடம் உதவி கேட்டானாம். கூலி, பாலத்தைக் கடக்கும் முதல் உயிர்கள். கடைசியில் சேவலையும் கோழியையும் நாயையும் விரட்டிவிட்டு ஏமாற்றினான் என்பது கதை. பேராலய வேலை தொடங்கியதே பாலம் முடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான்! அதன் இரட்டைக் கோபுரங்கள் 1869-ல்தான் முடிந்தன. பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று சொல்லவே வேண்டாம்.

பாலத்தடியில் ஒரு பழைய தொத்திறைச்சிக் கடை. சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். சைவக்காரர்கள் புகையை மட்டும் அனுபவித்துவிட்டு நகரலாம்.

எனக்குப் பிடித்தவை கோபுர வீடுகள். 13-ஆம் நூற்றாண்டு வணிகர்கள் இத்தாலிக்குச் சரக்கோடு போய்வந்தவர்கள், அங்குள்ள பிரபுக்களைப் பார்த்து இங்கேயும் கோபுரம் எழுப்பினார்கள். பவும்பர்கர் கோபுரத்தின் முதல் மாடியில் வளைவுகளோடு திறந்த முகப்பு இருக்கிறது. சண்டைக்குக் கட்டியதென்றால் அப்படியா திறந்து வைப்பார்கள்? எல்லாம் அந்தஸ்து. வாலன் தெருவின் தங்கக் கோபுரம் சுமார் 50 மீட்டர். குறுகிய சந்தில் நின்று அதன் உச்சியைப் பார்க்கக் கழுத்து வலித்தது.

பிறகு வியாபாரம் நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் பக்கம் போனது. கடன் கழுத்தை நெரிக்க, 1486-ல் ஊர் பவேரியக் கோமகனிடம் அடைக்கலமானது. 1492-ல் புனித ரோமப் பேரரசர் அதைத் திரும்பத் தன் வசமாக்கிக்கொண்டார். பணக்கார ஊர்கள் பழையதை இடித்துப் புது மோஸ்தரில் கட்டிக்கொண்டபோது, இவர்கள் இருந்ததையே ஒட்டுப்போட்டு வாழ்ந்தார்கள். பேராலயத்துக்குப் பின்னால் போனால் கண்கூடாகப் பார்க்கலாம். கி.பி. 179-ல் ரோமானியர் கட்டிய கோட்டையின் வடக்கு வாசல், வெள்ளையடித்த கட்டடச் சுவருக்குள் அப்படியே புதைந்து நிற்கிறது. சாந்து பூசி மறைந்திருந்தது, 1885-ல்தான் வெளியே தெரிந்திருக்கிறது. பிரம்மாண்டமான கற்களை ஒட்டியே ஜன்னலும் தாழ்வாரக் குழாயும்!

ஆனால் இந்த ஊர் ஒன்றை மட்டும் மனதறிந்தே இடித்தது. 1519-ல் பேரரசர் மாக்சிமிலியன் இறந்ததும், அதுவரை அவரது பாதுகாப்பில் இருந்த யூதர்களை நகர மன்றம் விரட்டியடித்து, தொழுகைக்கூடத்தையும் தெருக்களையும் தரைமட்டமாக்கியது. கல்லறைக் கற்களைப் பிடுங்கி வீட்டுச் சுவர்களில் பதித்துக்கொண்டார்கள். எபிரேய எழுத்தோடு சில இன்னும் இருக்கின்றன. இடித்த இடம்தான் இன்றைய நாய்ஃபார் சதுக்கம். அங்கே தானி காரவான் என்ற இஸ்ரேலியச் சிற்பி, 2005-ல் தொழுகைக்கூடத்தின் அடித்தளத்தை வெள்ளைக் கான்கிரீட்டில் வடித்திருக்கிறார். ஏறி உட்காரலாம், நடக்கலாம். தரைக்கு அடியில் அகழ்வில் கிடைத்த பழைய நிலவறைகளும் உண்டு. வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும் என்பதால், நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.